வாசல் காவலில் என் மாமனார்

என் மாமனாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசல் காவலில் நிற்க வைத்தவன் நான்தான். அன்றைக்கு என் மகளுக்குக் காதுகுத்து. அவர் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். அது தெரிந்தே, வேண்டுமென்றே நிற்க வைத்தேன்!

அப்பாடா... சொல்லிவிட்டேன். இதுவரை ஒருவரிடமும் வாய் திறக்காததை, முன்பின் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். என் மனைவிக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரிந்தால்... வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம்.

எந்த வாசல் என்றுதானே கேட்கிறீர்கள்? கணினிக்குள் இருக்கும் ஒரு ராணுவ முகாமின் வாசல். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

பகாவ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி. லாரியில் வரும் குலைகளை எடைபோட்டுப் பதிவது என் வேலை. பகலெல்லாம் லாரிக்காரர்கள் என்னை "ஏ தராசு!" என்றுதான் கூப்பிடுவார்கள். சுகுமாறன் என்று ஒரு பெயர் எனக்கு இருப்பதே சம்பளத்தன்றுதான் தெரியவரும்.

சாயங்காலமானால் கதையே வேறு. நான் மேஜர் இந்திரன்! "மின்னல் பட்டாளம்" என்றொரு சர்வர். ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று பல ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள் இணையத்தில் கூடி, ஆளுக்கொரு சிப்பாய் வேடம் போட்டு, ஹெட்செட் மாட்டிக்கொண்டு பட்டாளத்தில் வாழ்கிற விளையாட்டு. சண்டை என்னவோ கொஞ்சம்தான். வரிசையில் நிற்பதும் சல்யூட் அடிப்பதும்தான் மிகுதி.

புதிதாய் வருகிறவர்களைப் பழக்குவது என் பொறுப்பு. அவர்களுக்கான சட்டதிட்டங்களை எழுதியவனும் நானே. எதைப் பார்த்து எழுதினேன் தெரியுமா? எங்கள் தோட்டத்துப் பெரட்டைப் பார்த்து! விடியற்காலையில் ஆள்களை வரிசையில் நிறுத்திப் பெயர் வாசிப்பார்களே, அதுதான் பெரட்டு. பெயர் வாசிக்கும்போது இல்லாதவனுக்கு அன்று வேலை கிடையாது. வேலை வாங்கும் மண்டோர் கேட்காமல் வாயைத் திறக்கக் கூடாது. நிறுத்திய இடத்தில் மாற்றாள் வரும்வரை நிற்க வேண்டும். எல்லாவற்றையும் அப்படியே இறக்கி, கடைசியில் "மீறினால் மறுபடியும் முதல் நாளிலிருந்து" என்று ஒரு வரி சேர்த்தேன்.

பிள்ளைகள் அசந்துபோனார்கள். "மேஜர், நீங்க ரியல் ஆர்மிலயா இருந்தீங்க?" என்று ஒருவன் கேட்டான். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்... அவ்வளவுதான். அன்றிலிருந்து என் குரலும் தானாகவே கட்டைக் குரலாகிவிட்டது.

இனி என் மாமனார். பெயர் முத்தையா. லாரி ஓட்டி ஓய்ந்தவர், ரஹாங்கில் தனியாக இருக்கிறார். வாலிபத்தில் பட்டாளத்தில் சேரப் போய், உயரம் பற்றாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அந்த ஆசையை மருமகனை வைத்துத் தீர்த்துக்கொள்ளப் பார்த்தார். ஒரே மகள் கலாவுக்கு யூனிஃபார்ம் போட்ட மாப்பிள்ளைதான் வேண்டும்! பட்டாளம், போலீஸ், தீயணைப்பு... எதுவானாலும் சரி. கலாவோ என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"என்னா வேல?"

"தோட்டத்துல கிராணி, மாமா."

"யூனிஃபார்ம் உண்டா?"

"இல்ல மாமா... நமக்குப் புடிச்ச சட்டைய போட்டுக்கலாம்."

நாங்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான் முதலும் கடைசியும். கல்யாணத்தைக் குறையில்லாமல் நடத்திவைத்தார். ஆனால் என்னிடம் பேச்சு இல்லை. ரஹாங் வீட்டுக்குப் போனால், நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே "அவர சாப்பிடச் சொல்லும்மா" என்பார். எங்கள் தோட்டத்து வீட்டு வாசற்படியை அவர் மிதித்ததே இல்லை. ஞாயிறுதோறும் மகளுக்குப் போன் செய்வார். கலா சமைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் பேசுவாள். "அதான பாத்தேன்!" என்று வார்த்தைக்கு வார்த்தை சொல்லும் அந்தக் குரலை, நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வைத்திருந்தேன்.

அந்தக் குரல் ஒருநாள் என் ஹெட்செட்டுக்குள் வந்தது!

"வணக்கம் சார். ரெக்ரூட் முத்து, ஆஜர்."

சொல்லிவிட்டு ஒரு குதி குதித்தார். நான் "குதிக்காதே" என்றேன். "அதான பாத்தேன்! நான் குதிக்கல சார், பேசத்தான் செஞ்சேன்" என்று மறுபடியும் குதித்தார். பேசுவதற்கு ஒரு பொத்தான், குதிப்பதற்கு ஒரு பொத்தான். மனிதர் இரண்டையும் சேர்த்தே அழுத்திக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் ஒரு குதி. மன்னிப்புக் கேட்டால் இரண்டு குதி. வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். எனக்கோ ஹெட்செட்டுக்குள் காது கொதித்தது. அவரேதான்... சந்தேகமே இல்லை!

அந்த நொடியிலேயே "மாமா, நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அவர் என்னை "சார்" என்று கூப்பிட்டார்! "அவர" என்றும் "அந்த ஆளு" என்றும் என்னைச் சொல்லிவந்த வாய், சார் என்றது. ஒருநாள், ஒரே ஒருநாள் அதைக் கேட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த ஒருநாள் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் அது பழிவாங்கல்தான். மறைக்க மாட்டேன். முகாமைச் சுற்றி ஓட வைத்தேன். பாட்டுப் பாடிக்கொண்டே தண்டால் எடுக்க வைத்தேன். எங்கள் சர்வரில் ஒரு சட்டம் உண்டு: துப்பாக்கியை நீட்டினால் பயந்து கையைத் தூக்கியே ஆக வேண்டும். அவர் தூக்கவில்லை. "லாரியில எவ்ளோ ரவுடிங்கள பாத்தாச்சு... சுடுறா பாப்போம்!" என்றார். சுட்டார்கள். "ஐயோ முருகா!" என்று விழுந்தார்.

இன்னொரு சட்டம் அதைவிட மோசம். செத்தவன் மறுபடி பிறந்து வரும்போது, தன்னைக் கொன்றது யார் என்பதை மறந்துவிட வேண்டும். அவருக்கு இது ஏறவே இல்லை.

"எப்படி சார் மறக்கறது? அந்த ஜொகூர் பையந்தான் சுட்டான். நல்லா ஞாபகம் இருக்கு. அவங்கப்பா நம்பர குடுங்க, நான் பேசுறேன்."

"நீங்க செத்துட்டீங்க, முத்து. ஞாபகம் இருக்கக் கூடாது."

"செத்தாலும் மானம் ரோசம் போயிருமாலா?"

மீறினால் முதல் நாளிலிருந்து! பயிற்சித் தேர்வில் அவரை வீழ்த்த எனக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை. மற்றவர்கள் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். இவர் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தார். தோற்றதும் "சரி சார், என் தப்புதான். நாளைக்கு வர்றேன்" என்பார். சொன்னபடி மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து வரிசையில் நிற்பார்.

நாள் ஆக ஆக எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. பழிவாங்கும் ஆசை எப்போது போனதோ தெரியவில்லை. அவர் நன்றாகவே செய்யத் தொடங்கியிருந்தார். குதியும் குறைந்திருந்தது. அப்போதும் வீழ்த்தினேன். தேறிவிட்டால் அவரை வேறொரு அதிகாரியின் படைப்பிரிவுக்கு அனுப்பிவிடுவார்களே! அப்புறம் யார் தினமும் என்னிடம் வந்து பேசுவார்? எனக்கு அப்பா கிடையாது. ஒரு பெரிய மனுசர் தினமும் வந்து "சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்பது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இது பாசமா, கொடுமையா? நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் யாழினிக்கு ஒரு வயது ஆகிவிட்டது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவது என்று முடிவானது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். கலா ஒற்றைப் பிள்ளை; யாழினிக்குத் தாய்மாமன் இல்லை. அந்த மடி தாத்தாவுக்குத்தான் என்று கலா ஒரே பிடியாக நின்றாள். அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்மா" என்றார்.

"வருவாரு. எனக்குத் தெரியும், வருவாரு" என்று சொல்லிக்கொண்டே அவருக்கு வேட்டி சட்டை எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம். பெரட்டு முடிந்து பிள்ளைகள் எல்லாம் கலைந்துவிட்டார்கள். முத்து மட்டும் நின்றார்.

"சார், பேச அனுமதி வேணும். வீட்டு விஷயம்."

வேடத்தில் இருக்கும்போது வீட்டுக் கதை கூடாது என்பதும் சட்டம்தான். ஆனாலும் சொல்லச் சொன்னேன்.

"நாளைக்கு லீவு வேணும் சார். பேத்திக்குக் காதுகுத்து. மருமவன் வீட்டுக்கு நான் போனதே இல்ல. அவன்கிட்ட பேசுறதும் இல்ல. கோவம்லாம் எப்பவோ போயிருச்சு சார்... எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல. இங்க வந்து ஒங்ககிட்ட தெனமும் பேசிப் பழகுறேன்ல, அந்தத் தைரியத்துல நாளைக்குப் போயிட்டு அவன்கிட்ட ரெண்டு வார்த்த பேசலாம்னு இருக்கேன்."

உங்கள் காதில் விழுகிறதா? என்னிடம் பேசிப் பழகி, அந்தத் தைரியத்தில், என்னிடம் பேச வருகிறாராம்!

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மனுசனாகப் பிறந்தவன் சந்தோஷப்பட்டிருப்பான். நானோ நாளைக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். வருவார். "வாங்க மாமா" என்று நான் வாய் திறப்பேன். கட்டைக் குரலோ, சொந்தக் குரலோ, மாதக்கணக்கில் தினமும் கேட்ட குரல் தெரியாதா? கோயிலில், சொந்தபந்தம் அத்தனை பேர் நடுவில், அவரைப் பாட்டுப் பாடித் தண்டால் எடுக்க வைத்தவன் யார் என்று தெரிந்துபோகும். கலாவுக்கும் தெரியும். என் மானம் கப்பலேறும்!

வாயில் வந்துவிட்டது.

"நாளைக்குத்தான் உங்களுக்குக் கடைசித் தேர்வு, முத்து. காலையில் ஏழு மணிக்கு வாசல் காவல். நானே வந்து மாற்றும்வரை நகரக் கூடாது. நின்றால் லான்ஸ் கார்ப்பரல். நகர்ந்தால் இனி இந்தப் பட்டாளத்தில் இடமில்லை."

பழைய வழக்கம்போல் ஒரு குதி குதித்தார்.

"வேற நாள் வச்சிக்க முடியாதா சார்?"

"பட்டாளத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டா?"

"...இல்ல சார். சரி சார்."

விளையாட்டுதானே, யார் பேத்தி காதுகுத்தை விட்டுவிட்டு இதில் போய் நிற்பார் என்று அன்றிரவு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய்! அப்பட்டமான பொய். அவர் நிற்பார் என்று எனக்குத் தெரியும். அவரை அப்படிப் பழக்கியவனே நான்தானே?

மறுநாள் கோயிலில் எல்லாம் தயார். பிள்ளைக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியாகிவிட்டது. காது குத்தும் பத்தர் ஊசியையும் தோட்டையும் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கலா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் எந்தக் காடி சத்தம் கேட்டாலும் எழுந்தாள். அப்பாவுக்குப் போன் மேல் போன் அடித்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? காதில் ஹெட்செட் அல்லவா?

நான் கோயிலுக்குப் பின்னால் போய்க் கைப்பேசியில் சர்வரைத் திறந்தேன். "ரெக்ரூட் முத்து – வாசல் காவல்." பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. ரஹாங்கிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். நல்ல நேரம் முடிய அதைவிடக் கூடுதலாகவே இருந்தது. "காவல் மாறியது" என்று இரண்டு சொல் தட்டினால் போதும்... தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். மறுபடியும் அழித்தேன்.

"என்னாங்க, இங்க என்னா பண்றீங்க? அப்பா ஏதும் மெசேஜ் போட்டாரா?" என்று கலா வந்து நின்றாள்.

"இல்ல" என்றேன்.

நல்ல நேரம் முடியப் போகிறது என்று கோயில் பண்டாரம் சத்தம் போட்டார். கடைசியில் எங்கள் மண்டோர் பெருமாள் மடியில்தான் பிள்ளையை உட்கார வைத்தோம். நல்ல மனுசன், பாவம், சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தார். யாழினி அவர் மீசையைப் பார்த்ததும் ஊசிக்கு முன்பே அலறினாள். கலா பிள்ளையோடு சேர்ந்து அழுதாள். பிள்ளை அழுவதைப் பார்த்து அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

விருந்து முடிந்து, பந்தல் பிரித்து, சட்டிகளைக் கழுவிக் கொடுத்து, சாயங்காலம்தான் கணினியைத் திறந்தேன். வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். காலை ஏழு மணிக்கு நின்ற அதே இடம்.

"காவல் மாற்றம்" என்றேன்.

"சார், ஒண்ணு சொல்லணும். நடுவுல ஒரு தடவ பாத்ரூம் போயிட்டேன். வயசாச்சுல்ல... அத கணக்குல எடுத்து மார்க்க கொறச்சிக்குங்க."

நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மாட்ட முடிந்தது.

"நீங்கள் தேறிவிட்டீர்கள், லான்ஸ் கார்ப்பரல் முத்து."

"நன்றி சார்! ரொம்ப நன்றி சார்!" குரல் உடைந்திருந்தது. "இந்நேரம் காதுகுத்து நல்லபடியா முடிஞ்சிருக்கும்ல சார்?"

"முடிந்திருக்கும்" என்றேன்.

கலா அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் போனை எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து நிற்கும். "மக ஆச தெரிஞ்சும் வரல. இனி எனக்கு அப்பா இல்ல" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்குவாள். ஒரு குடும்பம் என் கண்முன்னாலேயே அறுந்துகொண்டிருந்தது, நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து சிப்பாய்களுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்! பிறகு ஒருநாள் அவளே பொங்கி எழுந்தாள். "நேர்ல போய்க் கேக்கப் போறேன். நீங்களும் வாங்க."

வழியெல்லாம் யோசித்தேன். கோலா பிலா தாண்டும்போது யோசனை பிறந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினேன். "தொண்ட கட்டிருச்சு" என்று கலாவிடம் காற்றாகச் சொன்னேன்.

ரஹாங் வீட்டுக் கூடத்தில் அவள் கேட்டாள். "ஏம்ப்பா வரல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கணினியில் சிப்பாய் விளையாட்டு விளையாடுகிறேன் என்று மகளிடம் எப்படிச் சொல்வார்? "டியூட்டிம்மா" என்றார். "ஒரு எடத்துல காவலுக்கு நிக்கச் சொல்லிட்டாங்க. விட்டுட்டு வர முடியல."

"காவலா? இந்த வயசுல ஜாகா வேலைக்கா போறீங்க?" கலாவுக்கு முகமே மாறிவிட்டது. கோபம் எங்கே போனதோ, அழுகை வந்துவிட்டது. "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல? எவன்ப்பா அந்த மொதலாளி? பேத்தி காதுகுத்துக்குக்கூட லீவு குடுக்காதவன் மனுசனா? அவன் நல்லா இருப்பானா?"

"ச்சே, அவர அப்படிச் சொல்லாதம்மா" என்றார் அவசரமாக. "நல்ல மனுசன். கண்டிப்பானவரு, அவ்வளவுதான்."

பிறகு... பிறகு என் பக்கம் திரும்பினார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்து,

"நீங்க சொல்லுங்க மாப்பிள்ள. வேலைன்னா வேலதான?" என்றார்.

மாப்பிள்ளை என்றார்! இந்த ஒரு சொல்லுக்காகத்தானே இத்தனையும்? நான் என்ன செய்தேன் தெரியுமா? தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினேன்.

"அடடே, தொண்டயா?" பதறிப்போய் எழுந்து உள்ளே போனார். வெந்நீரில் உப்புப் போட்டு, விரலைவிட்டுச் சூடு பார்த்து, அவரே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நல்லா கொப்புளிங்க மாப்பிள்ள. எல்லாம் சரியாப் போயிரும்." நான் குழாயடியில் நின்று கொப்பளித்தேன். முழுசாக முடியும்வரை துண்டோடு பக்கத்திலேயே நின்றார். நோயே இல்லாத தொண்டை எரிந்தது. நன்றி என்றுகூட நான் சொல்லவில்லை.

வேறு படைப்பிரிவுக்குப் போயும் என் பெரட்டுக்குத் தவறாமல் வரும் லான்ஸ் கார்ப்பரல் முத்து, நேற்று அது முடிந்ததும் பேச அனுமதி கேட்டார்.

"தீபாவளிக்கு லீவு வேணும் சார். மருமவன் வீட்டுக்குப் போறேன். இந்தத் தடவ எந்தத் தேர்வு வச்சாலும் நிக்க மாட்டேன். பட்டாளத்த விட்டு அனுப்பினாலும் சரிதான்."

"லீவு கொடுத்தாச்சு" என்றேன். குரல் கணீரென்று வந்தது.

ஆக, வரப்போகிறார். கலா இப்போதே வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் காடியைவிட்டு இறங்கி முதன்முறையாக எங்கள் வாசற்படியை மிதிப்பார். "வாங்க மாமா" என்று நான் சொல்ல வேண்டும். சொல்லியே ஆக வேண்டும்... ஐயா, அம்மா, நீங்களாவது சொல்லுங்கள். அதை நான் எந்தக் குரலில் சொல்வேன்?